உறக்கத்தை விரட்டும் மாத்திரையும் போர்வீரனும்

பத்ருப் போருக்கு முந்திய இரவு. முஸ்லிம்கள் ஏறத்தாழ 313 பேர். எதிரிகளோ ஆயிரத்தை ஒட்டியவர்கள். விடிந்தால் வாளுக்கு வாள். இத்தகைய இரவில் கண்ணயர யாரால் முடியும்? ஆயினும் அந்தச் சிறு படைக்கு அல்லாஹுத் தஆலா அருளிய உதவிகளுள் ஒன்று உறக்கம்! தன்னிடமிருந்து வந்த அமைதியாகச் சிற்றுறக்கத்தை அவர்கள் மீது போர்த்தியதை அன்ஃபால் அத்தியாயத்தில் (8:11) அவனே நினைவூட்டுகிறான். அன்றிரவு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மட்டும் ஒரு மரத்தடியில் விடியும்வரை தொழுதுகொண்டும் இறைஞ்சிக்கொண்டும் இருந்தார்கள். மற்ற அனைவரும் உறங்கிவிட்டனர் என்று ஹளரத் அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உஹதுக் களத்திலும், பெருந்துயருக்குப் பின் ஒரு சாராருக்கு இதே சிற்றுறக்கம் இறங்கியதை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:154) கூறுகிறது.

போருக்கு நின்றவர்களுக்கு அல்லாஹ் கொடுத்தது உறக்கம். கடந்த நூற்றாண்டின் படைத் தலைமைகள் தம் வீரர்களுக்குக் கொடுத்தது உறக்கத்தை விரட்டும் மாத்திரை. அதைக் கொடுப்பதும் உண்பதும் மார்க்கத்தில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். படைவீரன் உண்ணும் மாத்திரைக்கும் நம் இல்லங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக நேயர்கள் எண்ண வேண்டாம். இரவு பகலாக ஆலைகள் ஓடும் பிள்ளைப்பாக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். சம்பந்தம் உண்டு என்பதைப் பின்னர் காட்டுவோம்.

நடந்தது என்ன?

ஜெர்மனியில் 1938ல் ‘பெர்விட்டின்’ என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதில் உள்ள சரக்கு மெத்தம்பெட்டமைன். இன்று ‘ஐஸ்’ என்ற பெயரில் இளைஞர்களைக் கெடுத்துவரும் அதே நஞ்சுதான்! 1940ல் பிரான்ஸைத் தாக்கிய காலத்தில், ஏப்ரல் முதல் ஜூலை வரையான சில மாதங்களில் மட்டும் இவ்வகை மாத்திரைகள் 3 கோடியே 50 லட்சத்துக்கு மேல் ஜெர்மன் படைகளுக்கு வழங்கப்பட்டன. இரவு பகலாக டாங்கிகளை ஓட்டிச் சென்ற வீரர்களின் வேகத்தைக் கண்டு உலகம் வியந்தது. அந்த வேகத்தில் மாத்திரைக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது பின்னர்தான் பரவலாகத் தெரிந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளும் சும்மா இருக்கவில்லை. அவை ‘பென்செட்ரின்’ கொடுத்தன. வியட்நாம் போரில் 1966 முதல் 1969 வரை அமெரிக்க இராணுவம் 22 கோடியே 50 லட்சம் ஊக்க மாத்திரைகளைப் பயன்படுத்தியதாக, 1971ல் அந்நாட்டு மக்கள் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்றே அறிவித்தது. நமது இந்திய விமானப் படையிலும், விழித்திருக்கச் செய்யும் ‘மொடாஃபினில்’ என்ற மருந்து நெருக்கடிக் காலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதாக 2011ல் செய்தி வெளியாயிற்று. இது பெர்விட்டினைப் போல் அத்தனை கொடியதன்று. எனினும் எழும் வினா ஒன்றுதான்.

ஆக, இது ஏதோ ஒரு கொடுங்கோலனின் கெட்ட புத்தி மட்டுமன்று. வென்றவர்களும் தோற்றவர்களும், நீதி பேசியவர்களும் அநீதி இழைத்தவர்களும், ஒருங்கே செய்த காரியம். அதனால்தான் இதை மார்க்கத்தின் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இது போதையா?

முதல் வினா: இத்தகைய மாத்திரை மது வகையில் சேருமா? சிலர் இப்படி வாதிடலாம்: ‘மது அறிவை மழுங்கச் செய்கிறது, இதுவோ கூர்மையாக்குகிறது. குடிகாரன் தள்ளாடுகிறான், இதை உண்டவன் நிமிர்ந்து நிற்கிறான். பிறகு எப்படி ஹராமாகும்?’

வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. விழிப்பூட்டும் பொருள் ஒவ்வொன்றும் ஹராம் என்று நம் இமாம்கள் சொன்னதில்லை. இரவு திக்ருக்கு விழித்திருக்க யமன் நாட்டு சூஃபிகள் காப்பி அருந்தினர். 1511ல் மக்காவின் அதிகாரியாயிருந்த காயிர் பேக் அதைத் தடை செய்து பார்த்தார், தடை நிலைக்கவில்லை. இன்று ஹரம் ஷரீஃபின் வாசலிலேயே காப்பி கொடுக்கிறார்கள். யமன் மக்கள் மெல்லும் ‘காத்’ என்ற இலையைப் பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள். திட்டவட்டமாக ஹராம் என்று தீர்ப்பளிக்கத் தயங்கிய அவர்கள், விலகியிருப்பதே பேணுதல் என்று எச்சரித்தார்கள். இவ்வாறு பொருளின் தன்மையையும் அது செய்யும் விளைவையும் பார்த்தே சட்டம் சொல்லப்பட்டது.

எனவே இம்மாத்திரையின் விளைவைப் பார்ப்போம். இவை உடலுக்குப் புதிய பலம் எதையும் தருவதில்லை. மூளையின் நரம்புகளில் சேர்ந்திருக்கும் டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரசாயனங்களை ஒரேயடியாக வெளியே கொட்டச் செய்கின்றன. களைப்பு அப்படியே இருக்கும். அது தெரியாமல் போய்விடும். அடுத்த மாதச் சம்பளத்தை இம்மாதமே வாங்கிச் செலவழிப்பவன் தன்னைச் செல்வந்தன் என்று எண்ணிக்கொள்வதைப் போன்றது இது. முதல் இரவில் அறிவு பிரகாசிப்பது போல் தோன்றும். இரண்டாம், மூன்றாம் இரவுகளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கேளாத குரல்கள் கேட்கும். பக்கத்தில் இருப்பவனே பகைவனாகத் தோன்றுவான்.

1944ல் பின்லாந்துப் படைவீரர் ஐமோ கோய்வுனென் என்பவருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பனிக்காட்டில் சோவியத் படை துரத்த, களைத்துப்போன அவர், தம் குழுவினர் அனைவருக்குமாகத் தம் பையில் இருந்த பெர்விட்டின் மாத்திரைகள் முழுவதையும் விழுங்கிவிட்டார். தோழர்களைப் பிரிந்தார், சித்தம் கலங்கிப் பல நாள் பனியில் அலைந்தார், கண்ணிவெடியில் காயமுற்றார். சுமார் 400 கிலோமீட்டர் கடந்து மீட்கப்பட்டபோது அவருடைய எடை 43 கிலோ. உயிர் பிழைத்தார். ஆனால் அத்தனை தூரம் அவரை இட்டுச் சென்றது அவருடைய அறிவா?

மது என்பது அறிவை மூடுவது என ஹளரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். மூடுவது எந்த வழியில் என்று அவர்கள் பிரிக்கவில்லை. இருட்டைக் கொண்டும் கண்ணை மறைக்கலாம். கூசும் வெளிச்சத்தைக் கொண்டும் மறைக்கலாம். அதிக அளவில் போதை தருவது எதுவோ அதன் சிறிதளவும் விலக்கப்பட்டது என்பது நபிமொழி. ஆகவே மெத்தம்பெட்டமைன் போன்றவற்றை நோய்க்கு மருந்தாக அன்றி, வெறும் விழிப்புக்காக உண்பது கூடாது என்பதே நாம் அறிந்தவரை சரியான முடிவு.

நிர்ப்பந்தம் என்ற வாசல்

இரண்டாவது வினாதான் கடினமானது. ‘போர் என்பதே நிர்ப்பந்தம் அல்லவா? நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் சட்ட விதி அல்லவா?’ என்று கேட்கலாம்.

ஆம், அப்படி ஒரு வாசல் உண்டு. பசியால் உயிர் போகும் நிலையில் செத்த பிராணியின் இறைச்சியும் அனுமதிக்கப்படுகிறது (2:173). கெட்டழுகிய உறுப்பை வெட்டி எடுக்க நேர்ந்தால், வலி தெரியாதிருக்க அறிவை மயக்கும் மருந்தைக் கொடுக்கலாம் என்பதை ஷாஃபிஈ சட்ட மேதைகள் ஏற்றிருக்கிறார்கள். ஒரு விமானி நடுக்கடலுக்கு மேல் இருக்கிறார், இறங்க இடமில்லை, கண் செருகுகிறது, உறங்கினால் அவரும் உடனிருப்போரும் மடிவர். அந்த வேளையில் ஒரு மாத்திரை அத்தனை உயிர்களையும் காக்குமெனில், உண்டவரைக் குற்றம் சொல்ல நம் நாவு எழாது. அவர் நிர்ப்பந்தத்தில் இருக்கிறார்.

ஆனால் அதே திருவசனம் இரண்டு நிபந்தனைகளை விதிப்பதைக் கவனியுங்கள். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவன் வரம்பு மீற நாடியவனாக இருக்கக் கூடாது. தேவைக்கு மேல் செல்பவனாகவும் இருக்கக் கூடாது. இங்கேதான் வீரனையும் அவனுடைய தலைமையையும் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. கோடிக்கணக்கான மாத்திரைகளை ஆலையில் செய்து, பெட்டியில் அடைத்து, படைக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தவனுக்கு என்ன நிர்ப்பந்தம்? அவன் பசியால் துடித்து இறைச்சியைத் தொட்டவன் அல்லன். பட்டினிக்கு முன்கூட்டியே திட்டம் போட்டவன். இரண்டு நாள் உறங்காமல் சென்றால்தான் நிறைவேறும் என்று தெரிந்தே கட்டளையை வகுத்துவிட்டு, பிறகு ‘என்ன செய்வது, நிர்ப்பந்தம்’ என்பது வாதமாகாது. நிர்ப்பந்தம் என்ற வாசல் அதில் அகப்பட்டவனுக்குத் திறந்தது. அதை உண்டாக்கியவனுக்கு அன்று. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

தூண்களிடையே கட்டிய கயிறு

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். என்னவென்று வினவினார்கள். ‘அன்னை ஸைனப் (ரலி) அவர்களுடையது, இரவுத் தொழுகையில் சோர்வு வந்தால் இதைப் பற்றிக்கொள்வார்கள்’ என்று சொல்லப்பட்டது. உடனே அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுங்கள். சோர்ந்தால் அமர்ந்துவிடுங்கள் என்று வழிகாட்டினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது.

சிந்தித்துப் பாருங்கள்! தொழுகையைவிடச் சிறந்த செயல் எது? அன்னையாரின் எண்ணத்தைவிடத் தூய எண்ணம் எது? கயிறோ போதைப்பொருள் அன்று, வெறும் நார். ஆயினும் உடல் ‘போதும்’ என்று சொன்ன பிறகு அதை நிறுத்திவைக்கும் கருவியாக இருந்ததால் அது அவிழ்க்கப்பட்டது. அல்லாஹ்வின் முன்னிலையில் நிற்பதற்கே அத்தகைய கயிறு வேண்டாம் என்றால், மனிதனை மனிதன் கொல்வதற்கு வேண்டுமா?

‘களத்தில் இது நடக்குமா? எதிரி காத்திருப்பானா?’ என்று கேட்பீர்கள். களத்து நடைமுறையையும் நம் நாயகம் (ஸல்) காட்டியே சென்றார்கள். தாத்துர் ரிகாஃ பயணத்தில் கணவாயைக் காக்க அம்மார் இப்னு யாசிர், அப்பாத் இப்னு பிஷ்ர் (ரலி) இருவரும் அமர்த்தப்பட்டனர். இருவரும் இரவைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் உறங்கினார், மற்றவர் விழித்துக் காத்தார், அம்பு பாய்ந்தபின் தோழரை எழுப்பினார். காவல் காக்கும் கண்ணின் சிறப்பைப் பற்றி வரும் நபிமொழிகள் இத்தகைய கண்ணைப் பற்றியவையே. தன் பங்குக்கு விழிக்கிறது. தன் முறை முடிந்ததும் உறங்குகிறது.

கைபரிலிருந்து திரும்பிய இரவும் நினைவுகூரத் தக்கது. படை களைத்திருந்தது. பஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அனைவரும் உறங்கினர். பிலாலும் தம் ஒட்டகத்தில் சாய்ந்தவாறே உறங்கிவிட்டார். வெயில் சுட்டபோதுதான் விழித்தார்கள். காவலில் தூங்கிய குற்றத்துக்கு இன்றைய இராணுவங்களில் கடுந்தண்டனை உண்டு. நபி (ஸல்) அவர்களோ பிலாலைத் தண்டிக்கவில்லை. தங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டவனே என் உயிரையும் பிடித்துக்கொண்டான் என்று அவர் சொன்ன காரணத்தை ஏற்று, அங்கிருந்து சற்று நகர்ந்து தொழ வைத்தார்கள். உறங்காதிருப்பது அல்லாஹ் ஒருவனின் தன்மை என்று ஆயத்துல் குர்ஸியில் நாள்தோறும் ஓதுகிறோமே! அடியானிடம் அந்தத் தன்மையை எதிர்பார்ப்பது எத்துணை பெரிய அத்துமீறல்!

கட்டளையும் பொறுப்பும்

படையில் கட்டளைக்குப் பணிவது கடமை. ஆனால் எல்லைக்கு உட்பட்ட கடமை. நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய சிறு படையொன்றின் தலைவர் ஒருமுறை கோபமுற்று, நெருப்பு மூட்டச் செய்து, அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் தயங்கி நின்றனர், நெருப்பும் அணைந்தது. செய்தி எட்டியபோது, இறங்கியிருந்தால் அதிலிருந்து வெளியேறியே இருக்க மாட்டார்கள். கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உடலுக்கு வெளியே மூட்டும் தீக்கும், விழுங்கச் சொல்லி உள்ளே மூட்டும் தீக்கும் சட்டம் வேறாகுமா?

‘நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை, வீரர்கள் விரும்பியே உண்கிறார்கள்’ என்று இக்காலத் தலைமைகள் கூறும். அமெரிக்க விமானப் படையில் விமானிகளிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கப்பட்டது. ஆனால் உண்ண மறுத்தால் அந்தப் பயணத்துக்குத் தகுதியற்றவர் என்று மேலதிகாரி முடிவு செய்யலாம் என்பதும் அதே படிவத்தில் இருந்தது! இதற்குப் பெயர் விருப்பமா?

2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்கு அருகே, இரவுப் பயிற்சியில் இருந்த கனடா நாட்டு வீரர்கள் மீது அமெரிக்க விமானம் ஒன்று குண்டு வீசியது. நால்வர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். எல்லோரும் ஒரே அணியைச் சேர்ந்தவர்கள். விமானிகளின் வழக்கறிஞர்கள், படை கொடுத்த டெக்செட்ரின் மாத்திரை அவர்களின் நிதானத்தைப் பாதித்திருக்கலாம் என்று வாதிட்டனர். விமானப் படை அதை மறுத்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் இப்படி ஒரு வாதம் எழ முடிந்ததே பெரிய ஆபத்து. கொன்றது யார் என்ற கேள்விக்கு ‘மனிதனா, மாத்திரையா’ என்று தடுமாறும் நிலை வந்துவிட்டால், மறுமையின் கேள்விக் கணக்கை எவ்வாறு எண்ணிப் பார்ப்பது?

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு வழி காட்டியுள்ளன. ஹராம் என்று தெரிந்து, தானே விரும்பிக் குடித்து மதிமயங்கியவன் சொல்லும் தலாக் நிகழ்ந்துவிடும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்களில் பெரும்பாலோரின் முடிவு. பிறர் வற்புறுத்திக் குடிக்க வைத்ததால் மயங்கியவனுக்கு அச்சட்டம் இல்லை. இதிலிருந்து விளங்குவது: விருப்பத்தோடு அறிவை இழந்தவன் தன் செயலுக்குப் பொறுப்பாளி; பிறரால் இழக்க வைக்கப்பட்டவனின் சுமையோ இழக்க வைத்தவன் தோளுக்கும் ஏறுகிறது. கீழே ஒரு வீரன் உண்ட மாத்திரையின் கணக்கு, மேலே கையெழுத்திட்டவனின் ஏட்டிலும் எழுதப்படுகிறது என்று அஞ்ச வேண்டும்.

களத்திலிருந்து வீட்டுக்கு

போர் முடிந்தாலும் மாத்திரை முடிவதில்லை. ஜப்பானில் 1941ல் ‘ஹிரோபொன்’ என்ற பெயரில் மெத்தம்பெட்டமைன் விற்பனைக்கு வந்தது. உழைப்பை நேசித்தல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அமைந்த பெயர் என்பார்கள்! வீரர்களுக்கும் விமானிகளுக்கும் மட்டுமின்றி, ஆயுத ஆலைகளில் இரவு வேலை பார்த்த தொழிலாளர்களுக்கும் அது கொடுக்கப்பட்டது. போருக்குப் பின் எஞ்சிய சரக்கு ஊருக்குள் பாய்ந்தது. பல்லாயிரம் பேர் அடிமையாயினர். 1951ல் தனிச் சட்டம் இயற்றியே அந்நாடு அதை அடக்க வேண்டியிருந்தது.

நம் சமுதாயத்தின் நெஞ்சைப் பிளக்கும் உதாரணமும் உண்டு. 1960களில் ஜெர்மனியில் மருந்தாகத் தொடங்கி, 1986ல் உலக அளவில் கட்டுப்படுத்தப்பட்ட ‘கேப்டகான்’ மாத்திரை, சிரியாவின் உள்நாட்டுப் போரில் போராளிகளின் பைகளுக்குள் புகுந்தது. 2024 டிசம்பரில் ஆட்சி வீழ்ந்தபோது ஆலைகளிலும் கிடங்குகளிலும் அது மலைபோல் குவிந்து கிடந்ததை உலகமே பார்த்தது. அது சென்று சேர்ந்த சந்தை சவூதி முதலான அரபு நாடுகளின் இளைஞர் கூட்டம். மாத்திரையின் மேல் இரண்டு பிறைகள் பொறித்திருப்பதால் அரபு மக்கள் அதை ‘அபூ ஹிலாலைன்’ என்கிறார்கள். பிறையைக் கண்டு நோன்பு பிடிக்கும் சமுதாயத்தின் பிள்ளைகள் பிறை பொறித்த நஞ்சை விழுங்குகிறார்கள்!

இனி, நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என நீளும் சிப்காட் வளாகங்களில் பல்லாயிரம் இளைஞர்களும் இளம்பெண்களும் ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். பகலெல்லாம் கன்டெய்னர் லாரிகள்; இரவெல்லாம் கம்பெனி பஸ்கள். இது போர்க்களம் அன்று. ஹலாலான உழைப்பின் களம். ஆனால் உறக்கத்தோடு மல்லுக்கட்டும் கண்கள் இரு களங்களிலும் ஒன்றுதான். ஆகவே ஹிரோபொன் கதை நமக்கு எச்சரிக்கை. ‘இதைப் போட்டால் நைட் ஷிஃப்டில் கண் சொக்காது’ என்று நண்பனே நீட்டினாலும் கை நீட்டாதீர்கள். அம்பெட்டமைன் வகைகள் 1985ன் போதைப்பொருள் சட்டத்தின்படியும் குற்றமாவன. மருத்துவர் நோயறிந்து எழுதித் தரும் மருந்து வேறு. அதை உண்பதில் குற்றமில்லை.

வேலை கொடுப்போருக்கும், அவர்களில் நம் சமுதாயத்து முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊழியரைச் சக்திக்கு மீறி ஏவாதீர்கள். ஏவினால் நீங்களும் உதவுங்கள் என்பது நபிகளார் (ஸல்) இட்ட கட்டளை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21ல் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்து, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். உடலுக்கு உன் மீது உரிமை உண்டு, கண்ணுக்கும் உன் மீது உரிமை உண்டு என்று கற்பித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அந்த உரிமையைச் சட்டம் சொல்வதற்கு முன்பே கொடுப்பவர்களாக இருக்க வேண்டாமா? லாரி வைத்திருப்பவர், ‘விடியுமுன் துறைமுகத்தில் சரக்கு இறங்க வேண்டும்’ என்று டிரைவரை விரட்டுமுன், அவர் கடைசியாக எப்போது உறங்கினார் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். உறங்க நேரம் தராமல் வேலையை மட்டும் கேட்பவர், மாத்திரையைத் தம் கையால் கொடுக்காவிட்டாலும், அதன் பக்கம் தள்ளிவிடுகிறார்.

இல்லத்தரசிகளுக்கும் இதில் பங்குண்டு. இரவெல்லாம் உழைத்துக் காலையில் வீடு திரும்பும் மகனுக்கோ கணவனுக்கோ மகளுக்கோ, ஜன்னலை மூடி, குழந்தைகளின் சத்தத்தை அடக்கி, லுஹர் பாங்கு வரை நிம்மதியாக உறங்க இடம் செய்து கொடுங்கள். இரவிலும் பகலிலும் நீங்கள் உறங்குவது தன் அத்தாட்சிகளுள் ஒன்று என்று அல்லாஹ் கூறுகிறான் (30:23). பகலுறக்கமும் அவனுடைய அத்தாட்சியே. அது சோம்பேறித்தனம் அன்று.

பத்ரில் உறக்கத்தை இறக்கி உள்ளங்களை உறுதிப்படுத்திய ரஹ்மான், நம் இளைஞர்களின் கண்களுக்கும் அமைதியை அருள்வானாக! நம் கைக்குக் கீழ் உள்ளோரின் உறக்கத்தைப் பறிக்கும் பாவத்திலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.